எதிர் நாற்காலி

மழைக்காலம் வந்தால் ஊரில் பாதிப் பேருக்கு வேலை குறையும். லாண்டரிக்காரர்களுக்கு மட்டும் கூடும். கொடியில் போட்டது காயாது. காய்ந்தாலும் வாடை போகாது. ஓட்டல் படுக்கை விரிப்பு, விடுதித் துண்டு, ஆஸ்பத்திரிப் போர்வை என்று வண்டி வண்டியாக எங்கள் தெருக்கோடி லாண்டரியில் வந்து இறங்கும். தெருவில் நனைந்து போகிறவர்கள் அதன் வெளிச்சுவரில் முதுகை ஒட்டி நின்று குளிர்காய்வார்கள். சுவர் அவ்வளவு சூடு. அப்படியென்றால் உள்ளே நிற்கிறவர்கள் கதி என்ன என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு எதிர்ச்சாரியில் தையல்கடை. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடும் வேலை அங்கிருந்துதான் வருகிறது என்பதால் உள்ளே போகவர எனக்குத் தடை கிடையாது. ஆகவே இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி காதால் கேட்டது. கேட்டதில் இருந்த புளுகை என் கைக்கு எட்டிய மட்டும் கத்தரித்துவிட்டேன்.

லாண்டரி என்பது ஒரே நீளக் கூடம். ஒரு பக்கம் துவைக்கிற எந்திரங்கள், நடுவில் டிரையர்கள், ஜன்னலோரம் ஸ்டீம் பிரஸ்கள். பின்கட்டில் பாய்லர். அங்கே கொதிக்கிற ஆவி குழாய் வழியாக ஓடிவந்து ஒவ்வொரு பிரஸ்ஸிலும் சீறும். மிதியை அழுத்தினால் மேல்தட்டு இறங்கும். எடுத்தால் வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும். அங்கே வேர்வை ஒரு செய்தியே இல்லை. டிரையர் பார்க்கும் சொட்டைக்குத் தலையில் வேர்வை தங்க இடமில்லாமல் நேராக மூக்கு நுனிக்கு வந்து சொட்டும். தன் அணை உடைந்து வெகுகாலம் ஆயிற்று என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஜன்னலோரம் கடைசி பிரஸ் கத்தியுடையது. அவள் போடுகிற மடிப்பு கத்தி மாதிரி இருக்கும் என்று வந்த பேர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவள் வாய்க்காக வைத்த பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். அதையும் யாரும் திருத்துவதில்லை. அவள் கட்டிக்கொண்டவர் அந்த லாண்டரியின் பாய்லர்காரர். அவரும் தாலி கட்டிய நாள் முதலாக அவளைக் கத்தி என்றுதான் கூப்பிடுகிறார். அவருடைய தங்கை, அதாவது கத்தியின் நாத்தனார், மடிப்பு மேசையில் நிற்கிறாள். ஆக மொத்தம் ஒரு குடும்பமே அந்த ஆவியில் வெந்துகொண்டிருந்தது. மகள் ஒருத்திதான் தப்பித்துச் செருப்புக்கடையில் வேலை பார்த்தாள்.

கூடத்து வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதில் உப்புத் தண்ணீர். தலை சுற்றினால் ஒரு குவளை குடிக்க வேண்டும். பிறகு துணி அறையில் ஈரத் துண்டுகளின் மேல் கொஞ்சநேரம் படுக்க வேண்டும். வேர்வையில் போன உப்பு திரும்பி வந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். லாண்டரி தொடங்கிய காலத்திலிருந்து நடக்கிற வைத்தியம் இது. பலித்தும் வந்தது. தினமும் காலையில் அந்தத் தொட்டியை நிரப்பி உப்புக் கரைப்பது பாய்லர்காரரின் பொறுப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. காலையில் கத்திக்கு ரொட்டி இறங்கவில்லை. தாடை வலிக்கிறது என்றாளாம். பல்லாக இருக்கும் என்று மகள் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள். பிரஸ்ஸில் நின்று கொஞ்ச நேரத்தில் கை கனத்தது. பிரஸ்ஸில் நிற்கிற யாருக்குத்தான் கை கனக்காது. நாத்தனார் ஒரு விரிப்பை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, அண்ணி, மடிப்பு ரெண்டா விழுந்திருக்கு என்று காட்டினாள். கத்தி போட்ட மடிப்பு இரண்டாக விழுந்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. அவள் மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த விரிப்பை இழுத்தாள்.

பிறகு அவளால் நிற்க முடியவில்லை. பாய்லர்காரர் ஓடிவந்து, குவளை நிறைய உப்புத் தண்ணீர் கொடுத்து, துணி அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார். மின்விசிறியைத் திருப்பிவைத்தார். கொஞ்சம் படு, சரியாயிடும் என்றார். பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்ததால் திரும்பிப் போக வேண்டியிருந்தது. நடுவில் வந்து எட்டிப் பார்த்தார். அவள் தெப்பலாக நனைந்திருந்தாள். துண்டால் துடைத்து இன்னொரு குவளை கொடுத்தார். லாண்டரிச் சட்டப்படி அவர் செய்தது எதிலும் குறையில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் நாத்தனார் உள்ளே போனாள். அண்ணியின் பின்கழுத்தைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த லாண்டரியில் எத்தனையோ பேர் வேர்வையைத் துடைத்த கை அது. வேர்வை என்றால் சூடாக இருக்கும். இது சில்லென்று இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தாமதத்தின் மேல் தாமதம். லாண்டரி வேன் டெலிவரிக்குப் போயிருந்தது. தெருமுனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் வாயுவுக்கு மருந்து கொடுத்து உட்காரவைத்தார். வேன் திரும்பி வந்ததும் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே அவளைக் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இத்தனைக்கும் முதலாளியின் கார் ஷெட்டில்தான் நின்றுகொண்டிருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவர் அப்படியொன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் வருகிறது என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தள்ளுவண்டியில் போட்டு ஓட்டமாக ஓடினார்கள். இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். உயிர் நின்றது. மறுநாள் டாக்டரம்மா வெளியே வந்து பாய்லர்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். எப்போது ஆரம்பித்தது, நெஞ்சு வலித்ததா என்று கேட்டார். கை வலி என்றுதான் சொன்னாள், அங்கே எல்லாருக்கும் கை வலிக்கும் என்றார் இவர்.

"வேர்த்துச்சா?"

"அங்க எல்லாருக்கும் வேர்க்கும் டாக்டரம்மா."

டாக்டரம்மா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு நிதானமாக விளக்கினார். அடைப்பு எடுத்தாகிவிட்டது, ஆனால் ரத்தம் போகாமல் கிடந்த நேரத்தில் இதயத்தில் ஒரு பக்கத் தசை பட்டுப்போய்விட்டது, அது திரும்பத் துளிர்க்காது. "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. மிச்சம் இருக்கறத வெச்சு நல்லா வாழலாம். மாத்திரைய விடக்கூடாது. தினம் நடக்கணும். உப்பக் குறைக்கணும். சூட்டுல நின்னு வேலை செய்யக்கூடாது. இதெல்லாம் செஞ்சா அவங்க பேரன் பேத்தியத் தூக்கி வெச்சுக் கொஞ்சுவாங்க."

இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்று அவர் கேட்டார். டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். சீக்கிரம் வந்திருந்தால் முழுசாகவே காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

பாய்லர்காரர் அங்கிருந்து நேராக லாண்டரிக்கு வந்தார். நான் வாசலில்தான் நின்றேன். தொட்டியில் இருந்த உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குப்புறக் கவிழ்த்துவிட்டுப் பாய்லருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தன் தட்டிலும் அவர் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. பெண்டாட்டிக்குப் பத்தியம் என்றால் இவருக்குத் தண்டனை.

கத்தி வீட்டுக்கு வந்தாள். அவர்கள் வீடும் என் வீடும் ஒரே சுவர். எந்த வீட்டில் கரண்டி விழுந்தாலும் மற்ற வீட்டில் கேட்கும். முதலில் கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள், பிறகு தாழ்வாரத்தில், மழை விட்ட வேளைகளில் தெருவில். மகள் அலாரம் வைத்து மாத்திரை கொடுத்தாள். உப்பில்லாத சூப்பைக் குடித்துவிட்டு, இதைத் துணிக்குக் கஞ்சி போட வைத்திருக்கலாமே என்றாள் கத்தி. வாய் தேறிவிட்டது என்று நாங்கள் நிம்மதி அடைந்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். தலையெழுத்து என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்கு உள்ளுக்குள் இருந்த கவலை வேறு. புருஷன் அவளோடு பேசுவதை விட்டுவிட்டார். மருந்து வாங்கி வருவார், வெந்நீர் வைப்பார், கால் அமுக்குவார். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். திரும்ப வேலைக்குப் போவேன், சூடில்லாத வேலையாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னால், அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அவளுக்கு அந்த லாண்டரியும் வேண்டும், பழைய புருஷனும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் தொலைந்துபோனதாக அவள் நாத்தனாரிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி பார்க்க வந்தார், ஒரு கூடை ஆப்பிளோடு. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். பாய்லர்காரர் கதவோரம் நின்றார். ஒட்டுப் போட்ட துணியைக் கொடுக்கப் போன நானும் நின்றேன். முதலாளிக்கும் அதே வருஷக் கோடையில் மாரடைப்பு வந்திருந்தது. இப்போது முன்னைக்கு இளைத்து, முகம் தெளிந்து, தினமும் காலையில் பூங்காவில் வேக நடை போடுகிற ஆளாக இருந்தார். ஒரே வியாதிக்காரர்களுக்குள் வருகிற அந்நியோன்னியம் அவருக்கு வந்துவிட்டது. எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மாத்திரைதான். கலர் மட்டும் வேறு.

"உங்களுக்குத் தசை எதுவும் பட்டுப்போச்சா முதலாளி?" என்று கேட்டாள் கத்தி.

"இல்லம்மா. கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. சீக்கிரம் போயிட்டோம்ல."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன். நம்ம கணக்கர் கண்டுபிடிச்சார். ரூம்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். எனக்கு லேசா ஒரு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். அவர் என்னையே பாத்துட்டு, ஐயா சட்டை நனைஞ்சிருக்கேன்னார். அந்த ஏசியில அவர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். எனக்கு முதுகெல்லாம் ஊத்துது. உடனே எழுந்து காரை எடுத்துட்டார்."

கத்தி மடியில் இருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் யோசிக்கும்போது கை சும்மா இருக்காது.

"எனக்கும் அப்படித்தான் ஊத்துச்சு முதலாளி. எல்லாரும் பாத்தாங்க. இவரும் பாத்தாரு, துடைச்சு விட்டாரு. பாத்து என்ன செய்ய? அங்க எல்லாரும் நனைஞ்சுதான் இருக்காங்க. குளத்துல மழை பெஞ்சா யாருக்குத் தெரியும்?" என்றாள். பிறகு கதவோரம் திரும்பி, "எல்லாரும் தலையெழுத்து தலையெழுத்துன்னாங்கல்ல. தலையெழுத்து இல்லய்யா. ஏசி" என்றாள்.

முதலாளி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் அவள் வேலைக்கு வந்து கஷ்டப்பட வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும், ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்று ஆரம்பித்தார். கத்தி கையை உயர்த்தி நிறுத்தினாள். அந்த லாண்டரியில் முதலாளி பேச்சை யாரும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"அதெல்லாம் வேணாம். எனக்கு உங்க ரூம் வேணும்."

"என் ரூமா?"

"நீங்க எங்கயும் போக வேணாம். நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. தலை சுத்துதுன்னு சொல்றவங்க வந்து உங்க எதிர் நாற்காலியில உக்காரட்டும். சூட்டுல வந்த வேர்வைன்னா கொஞ்ச நேரத்துல காஞ்சிடும், எழுந்து போயிடுவாங்க. காயலேன்னா உங்க கார எடுங்க. அவ்வளவுதான்."

"அங்க ஓட்டல் மேனேஜருங்க எல்லாம் வருவாங்கம்மா. முக்கியமான பேச்செல்லாம் நடக்கும்."

"நடக்கட்டும். நாங்க காதைப் பொத்திக்கறோம்."

"அழுக்கா, ஈரமா..."

"துவைக்கிற இடத்துல அழுக்குக்குப் பயந்தா எப்படி முதலாளி? நாற்காலிக்கு நான் உறை தைச்சுத் தரச் சொல்றேன். தினம் ஒண்ணு மாத்தலாம்." இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது.

முதலாளி ஆப்பிள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையை அவரே அறியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கடைசியில், மழைக்காலம் முடிகிற வரைக்கும் செய்து பார்க்கலாம் என்றார். கூடவே அவளுக்குக் குறிச்சீட்டு மேசையில் வேலை என்றும் சொன்னார். துணிக்குத் துணி அடையாளச் சீட்டுக் கட்டுகிற இடம் அது. முன்வாசலில், காற்றோட்டமாக, ஆவிக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. டாக்டரம்மாவும் சரி என்றார். பாய்லர்காரர் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

முதலில் அந்த அறைக்குள் போக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கத்தி குறிச்சீட்டு மேசையிலிருந்து அடிக்கடி எழுந்து கூடத்தை ஒரு சுற்று சுற்றுவாள். டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருந்தார், அது ஒரு சாக்கு. போகிற போக்கில் ஒவ்வொருவர் பின்கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடாக இருந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்வாள். முகம் வெளிறியிருந்தால் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போய் முதலாளிக்கு எதிரே உட்காரவைப்பாள். மாவு மிஷினில் நுழைந்த எலி மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேர்வை காய்ந்ததும் உயிர் தப்பியது என்று ஓடிவருவார்கள்.

பயம் தெளிந்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. எல்லாருக்கும் திடீர் திடீரென்று தலை சுற்றியது. சொட்டை ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து குறட்டையே விட்டார், ஒரு ஓட்டல் மேனேஜர் கண்ணெதிரில். மேனேஜர், இவர் யார், பங்குதாரரா என்று கேட்டாராம். முதலாளி அன்றைக்கே அறையைப் பூட்டியிருப்பார். கத்தி போய் சொட்டையை எழுப்பி வெளியே இழுத்துவந்து எல்லார் முன்னாலும் பேசிய பேச்சில், அதன்பிறகு உண்மையாகவே தலை சுற்றினவர்கள் மட்டும்தான் அங்கே போனார்கள். மழைக்காலம் முடிந்தது. அறையைப் பற்றி முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ, மறந்த மாதிரி இருந்துவிட்டாரோ, நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஆள் மட்டும் அந்தக் கதவைத் தாண்டியதே கிடையாது. பாய்லரை விட்டு வர முடியாது என்பார். பாய்லர் அறையில் கத்திக்கு அனுமதி இல்லை, அத்தனை சூடு. ஆகவே அவர் கழுத்தை மட்டும் அவள் தொட்டுப் பார்க்க முடியவில்லை. வீட்டிலோ அவர் தொட விடுவதில்லை.

மழை போய், காய்ந்த குளிர்காற்று அடிக்கிற பருவம் வந்தது. ஒரு முற்பகலில் நான் உறைகளை எடுத்துக்கொண்டு போனேன். பாய்லர்காரர் பின்கட்டிலிருந்து வெளியே வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, அவர் சட்டை என்றைக்கும் அப்படித்தான். ஆனால் கத்தி கையில் இருந்த சீட்டுகளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் உப்புத் தண்ணி குடிச்சா சரியா..." என்று சொல்லிவந்தவர், கவிழ்த்துவைத்த தொட்டியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அவள் அவர் பின்கழுத்தில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. பாய்லரிலிருந்து வருகிற ஆளின் கழுத்து இரும்பு மாதிரி சுட வேண்டும்.

"வா."

"பாய்லர் முள்ளு ஏறிக்கிட்டிருக்கு கத்தி. நான் போயி..."

"சொட்டையண்ணே, பாய்லர அணைங்க" என்றாள், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். சொட்டை அன்றைக்கு வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. ஓடினார்.

அறை வாசலில் அவர் மறுபடி நின்றார். இந்தக் கோலத்தில் எப்படி உட்காருவது என்றார். முதலாளி எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கணக்கர் ஸ்வெட்டரோடு ஓரமாக நின்றார். நாத்தனார் துண்டால் அண்ணனின் நெற்றியைத் துடைத்தாள். நாங்கள் எல்லாரும் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆளின் வேர்வை காய்கிறதா என்று இத்தனை பேர் நின்று பார்த்த இடம் வேறெங்கும் இருந்திருக்காது. துடைத்த இடத்தில் மறுபடி முத்து முத்தாகக் கட்டியது. நாத்தனார் மறுபடி துடைத்தாள். மறுபடியும் கட்டியது.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் முதலாளி. மேசை மேல் இருந்த கார் சாவியை எடுத்தார்.

காரை அவரே ஓட்டினார். தன்னுடைய ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பப் பார்த்தவரை, பின்சீட்டிலிருந்து கத்தி தடுத்தாள். "எது கிட்டயோ அங்க விடுங்க முதலாளி. பெரிய ஆஸ்பத்திரிதான் கிட்ட. அங்க கைராசிக்கார டாக்டரம்மா இருக்காங்க."

நாத்தனாரும் நானும் மகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தபோது உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டிருந்தது. நடைவழி பெஞ்சில் கத்தியும் முதலாளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். கத்தி ஒரு வார்த்தை கேட்காமல் எட்டி அவர் பின்கழுத்தில் புறங்கையை வைத்தாள். முதலாளி அசையாமல் இருந்தார், டாக்டர் முன்னால் இருக்கிற மாதிரி.

"சூடாத்தான் இருக்கு. இது பயத்துல வர்றது" என்றாள்.

அதே டாக்டரம்மாதான் வெளியே வந்தார். எவ்வளவு நேரத்தில் கிளம்பினீர்கள் என்று கேட்டார். வேர்வை காயவில்லை, கிளம்பிவிட்டோம் என்றாள் கத்தி. டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. முதலாளி நாற்காலி விஷயத்தை விவரமாகச் சொன்னார். சொல்லி முடித்தபோது டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோயாளிக்கு அடைப்பு எடுத்தாகிவிட்டது, தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, முழுசாக இருக்கிறது என்றார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பார்க்க விட்டபோது கத்தி முதலில் போனாள். நான் கதவருகில் நின்றதால் கேட்டது. பாய்லர்காரர் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, பாய்லரை அணைத்தார்களா என்பதுதான். அணைத்தாயிற்று, லாண்டரியே நின்றுபோயிற்று, ஓட்டல்காரர்கள் எல்லாம் அழுக்குப் போர்வையில்தான் இன்றைக்குத் தூங்க வேண்டும் என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் உனக்கு உப்புத் தண்ணியக் குடுத்துப் படுக்க வெச்சேன் கத்தி. நீ என்னைத் தூக்கிட்டு வந்துட்ட. நான் தூக்கல."

"அன்னிக்கு உனக்கு வந்திருந்தா நானும் அதைத்தான் குடுத்திருப்பேன். படுன்னுதான் சொல்லியிருப்பேன். நமக்கு அது ஒண்ணுதான்யா தெரியும். நாற்காலி அதுக்கப்புறம்தானே வந்துச்சு."

"உன்னோடது போனது போனதுதானே."

"போகட்டும். டாக்டரம்மா சொன்னதக் கேட்டேன். உன்னோடது முழுசா இருக்காம். என்னோடது பாதின்னே வெச்சுக்க. கூட்டிப் பாரு, ஒண்ணரை. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். நாளையிலேருந்து தட்டுல கொஞ்சம் உப்பு போட்டுக்கலாம்னு நினைக்காதே, இனிமே உனக்கும் பத்தியம்தான்."

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து வழிந்து காதுப் பக்கமாக இறங்கித் தலையணையை நனைத்தது. அவள் துடைக்கவில்லை. குனிந்து, அவர் பின்கழுத்துக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.